குப்புற வைத்த படிவம்

மார்ச் 12, 2024, செவ்வாய்

ஆப்பிள் பள்ளத்தாக்கிலிருந்து நெவில் ட்ரிஃபெட் வந்து போனார். ஒரு பெட்டி ஆப்பிள். மேல் இரண்டு அடுக்கு காக்ஸ், அடியில் கீவ்ஸ்டன் ஃபேனி. மெருகு போட்ட மேசையில் செய்தித்தாள் விரிக்காமல் பெட்டியை வைத்தார். ஆண்டுக்கு ஒன்று, இது ஐம்பத்து மூன்றாவது பெட்டி; எத்தனையோ முறை சொல்லியாயிற்று, இன்னும் அப்படித்தான். கை கொடுக்கப் போனால் விடமாட்டார். இடது தோளில் பெட்டியைச் சுமந்து படியேறி, கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வருவார். வலது கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்டது. காலிச் சட்டைக்கையை மனைவி டோரீன் மடித்து ஊசி குத்தியிருந்தாள், கோடு போட்டதுபோல நேராக. அவளிடம் எனக்குப் பிடித்தது அது.

அலமாரியில் இருக்கும் என் டெஸ்மண்டின் படத்தைப் பார்த்து இந்த ஆண்டும் அதே வாக்கியம்: "டாக்டர் மட்டும் இல்லேன்னா, மிஸஸ் கெரிகன், இந்நேரம் என் மேல ஒரு ஆப்பிள் மரம் நின்னிருக்கும்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடிபட்டவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். நாளை வேகவைக்க வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

மருத்துவமனையின் நோய்க்கூறு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். டாக்டர் ஜோலீன் கோ. இன்னும் பயிற்சியில் இருப்பவர். தசையிலும் கொழுப்பிலும் தசையுறையிலும் வருகிற கட்டிகளில் அரிதானவற்றைத் தேடித் தொகுக்கிறாராம். டாக்டர் கெரிகன் மாணவர்களுக்குக் காட்டிய ஸ்லைடுப் பெட்டி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லாமல் எங்கே போகும்? அவர் போய் ஒன்பது ஆண்டாகிறது. அவருடைய அறையில் ஒரு பென்சிலைக்கூட நான் இடம் மாற்றவில்லை.

"கெரிகன் பெட்டி" என்றுதான் அங்கே இன்னமும் சொல்கிறார்களாம். அதைக் கேட்ட சந்தோஷத்தில் தேநீரில் இரண்டாவது கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டேன். தவக்காலத்துக்காக விட்டிருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தேன். பிளாக்வுட் மரம், பித்தளைக் கொக்கி. மேல் தட்டில் இருபத்து நான்கு ஸ்லைடுகள், ஒவ்வொன்றிலும் அவருடைய சாய்வான எழுத்து. கீழ்த் தட்டில் பஞ்சுக்கு நடுவே அவற்றின் மெழுகுக் கட்டைகள்; கட்டைக்குள் கட்டியின் துண்டு, கொட்டைபோலக் கறுத்து. மூடியைத் தூக்கியதும் அந்த மெழுகு வாசனை வந்தது. கொஞ்ச நேரம் மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் மருத்துவமனைச் சமையற்கட்டுக்கு நேர் கீழே. பதினொரு மணிக்கு ஆட்டிறைச்சி வேகும் வாசனை இறங்கி வந்து மெழுகோடும் சைலீன் திரவத்தோடும் கலக்கும். இன்றைக்கும் ஆட்டிறைச்சி வெந்தால் என் விரல்கள் கத்தியைத் தேடுகின்றன. மெழுகுக் கட்டையை மெல்லிய சீவலாக வெட்டி ஸ்லைடில் ஏற்றும் அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது பள்ளியின் மதர் இம்மாகுலாட்டா. "இந்தப் பெண் தையலில் ஒரு கண்ணிகூடத் தவறவிட மாட்டாள், வாயையும் அப்படியே தைத்து வைத்திருப்பாள்" என்று கடிதம் எழுதினார். இரண்டாவது பாதியைப் பாராட்டு என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒவ்வொரு கட்டியோடும் ஒரு படிவம் வரும். நோயாளியின் வயது, கட்டி எந்த இடத்தில், எவ்வளவு காலமாக, அனுப்பிய மருத்துவரின் சந்தேகம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். மற்ற எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் நுண்ணோக்கியில் கண் வைப்பார்கள். டெஸ்மண்ட் மாட்டார். "படிவத்தைக் குப்புற வையுங்கள், மிஸ் பிரெனன். அடுத்தவன் சொன்னதைக் கேட்டுவிட்டால் கண் அதையே தேடும்." முதலில் ஸ்லைடு. பார்த்து முடித்துத் தன் கருத்தை உரக்கச் சொல்வார். பிறகு நான் படிவத்தைத் திருப்பி வாசிப்பேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். இளம் மருத்துவர்கள் அதற்குப் "பூசை" என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் பிரசங்கமாம், நான் வாசகமாம்.

என்னை மணக்கக் கேட்டதும் அப்படித்தான். 1973, ஒரு வெள்ளி. நாலைந்து படிவங்களோடு அதுவும் குப்புறக் கிடந்தது. திருப்பி உரக்க வாசிக்கத் தொடங்கினேன்: பெயர், டெஸ்மண்ட் கெரிகன். வயது, முப்பத்தெட்டு. தொந்தரவு எவ்வளவு காலமாக: இரண்டு ஆண்டு. சந்தேகம்: குணமாகாது. பாதியில் நிறுத்திவிட்டேன். இளம் மருத்துவர்கள் இரண்டு பேர் வேறு அங்கே நிற்கிறார்கள். "மாதிரி போதவில்லை, மீண்டும் அனுப்பவும்" என்று அடியில் எழுதிக் கொடுத்தேன். திங்களன்று பூச்செண்டோடு வந்தார்.

மார்ச் 19, செவ்வாய்

டாக்டர் கோ வந்தார். வயது முப்பது இருக்கும். ஓட்டப் பந்தயக் காலணி அணிந்திருந்தார். பார்த்து முடிக்கும்வரை தேநீர் வேண்டாம் என்றார், காலணியை மன்னித்துவிட்டேன். டெஸ்மண்டின் ஜெர்மன் நுண்ணோக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொடுத்தேன்.

பதினாறு ஸ்லைடு வரை பேச்சில்லை. பதினேழாவதில் தலை நிமிர்ந்தது.

"இதை வெட்டினது யாரு, மிஸஸ் கெரிகன்?"

நான்தான் என்றேன்.

"ஒரு மடிப்பு இல்ல, ஒரு கீறல் இல்ல. எங்க மெஷின்லகூட இப்படி வராது."

மறுபடி குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நாற்காலியை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டு இன்னும் பார்த்தார். பிறகு, "இந்தக் கட்டி இவருக்கு எத்தனை நாளா இருந்துச்சுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

தெரியாது என்றேன்.

சீட்டில் இருப்பது: ஃபைப்ரோசார்க்கோமா. வலது முன்கை. ஆண், 22. அக்டோபர் 1971. மூலையில் பென்சிலில் ஒரு சின்னக் கேள்விக்குறி. ஞாயிறன்று அது என் கண்ணில் படவில்லை. டெஸ்மண்ட் போட்டதுதான், அந்த வால் வளைவு அவருடையது. எப்போது போட்டார்?

மார்ச் 20, புதன்

நேற்று அவர் சொன்னதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

ஃபைப்ரோசார்க்கோமா என்றால் புற்றுநோய், கெட்டது. கையை வெட்டாவிட்டால் நெஞ்சுக்கு ஏறும் என்று அந்தக் காலத்தில் பயந்தோம். ஆனால் அதைப் போலவே வேடமிட்ட தீங்கில்லாத கட்டி ஒன்று உண்டு: நோடுலர் ஃபேசியைட்டிஸ். தசையுறையில் திடீரென்று எழும்பும். இரண்டு மூன்று வாரத்தில் கொட்டையளவு ஆகும், பிறகு நின்றுவிடும். பல சமயம் தானாகவே கரைந்துபோகும். நுண்ணோக்கியில் மட்டும் பயமுறுத்தும். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு, எங்கு பார்த்தாலும் இரண்டாகப் பிரிந்துகொண்டு இருக்கும்.

"தங்கமான பையன், பார்க்க மட்டும் ரவுடி மாதிரி" என்றார் டாக்டர் கோ. நிறையப் பிரிகின்றன, ஆனால் ஒன்றுகூடக் கோணலாகப் பிரியவில்லையாம். செல்களுக்கு நடுவே குழம்புபோல இடைவெளி, சிவப்பணுக்கள் கசிந்து கிடக்கின்றன. என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சொன்ன பிறகு தெரிகிறது.

"வாரக்கணக்குல வளர்ந்ததுன்னு தெரிஞ்சிருந்தா பாதி சந்தேகம் அங்கயே தீர்ந்திருக்கும்" என்றார். அந்தக் காலத்துப் புத்தகங்களிலேயே இந்தக் கட்டி உண்டு என்பது எனக்கும் தெரியும். டெஸ்மண்டுக்கும் தெரியும்.

இப்போது ஒரு சோதனை இருக்கிறது. இந்தக் கட்டியில் ஒரு மரபணு உடைந்து வேறு இடத்தில் ஒட்டியிருக்கும். மெழுகுக் கட்டையை மெல்பர்னுக்கு அனுப்பினால் அதைத் தேடிப் பார்ப்பார்கள். இத்தனை பழைய கட்டையில் கிடைக்கும் என்று உறுதியில்லை. நோயாளி இருந்தால் அவருடைய ஒப்புதல் வேண்டும்.

"உயிரோட இருக்காரா, தெரியுமா?"

"இருக்கார். போன வாரம் ஆப்பிள் கொண்டுவந்தார்."

அந்தப் பெண் ஸ்லைடைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

பெர்னடெட் மெல்பர்னிலிருந்து பேசினாள். சொன்னேன், பாதி. "அப்பாவை விட்டுடும்மா. செத்தவர்கிட்ட என்ன விசாரணை? அந்த மனுஷனும் நிம்மதியாத்தானே இருக்கார்? எழுபத்தஞ்சு வயசுல போய் உன் கையை வீணா வெட்டினோம்னு சொல்லணுமா?"

அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் மகள், வாதிடத் தெரியும்.

ஆனால் அவள் அப்பாவுக்காகப் பேசுகிறாள். நான் யாருக்காகப் பேசாமல் இருக்கிறேன்?

மார்ச் 28, பெரிய வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது?

டாக்டர் கோவிடம் தெரியாது என்றது பொய். கட்டி எத்தனை நாளாக இருந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று வாரம். படிவத்தில் பள்ளத்தாக்கு மருத்துவரின் கோழிக்கிறுக்கலில் இருந்தது: "மூன்று வாரமாக. வேகமாக வளர்ந்தது. ஆப்பிள் பறிப்பவர்." பதிவேட்டில் அதை ஏற்றியதே நான்தான்.

அதற்கு முந்தின வாரம் வேறு ஒரு படிவத்தை, அவர் ஸ்லைடிலிருந்து கண்ணை எடுக்கும் முன்பே வாசித்துவிட்டேன். அவசரம், ஆறு ஸ்லைடு காத்துக்கிடந்தது. இரண்டு இளம் மருத்துவர்கள் முன்னால் சொன்னார்: "மிஸ் பிரெனன், கேட்டால் மட்டும் வாசியுங்கள்." குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் சுட்டது. எனக்கு இருபத்தேழு வயது. அந்தக் கூடத்தில் என்னைப் போல வெட்ட ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும். சரி, கேட்டால் வாசிக்கிறேன். கேட்காமல் ஒரு எழுத்தும் வாசிக்க மாட்டேன்.

ட்ரிஃபெட்டின் ஸ்லைடைப் பார்த்தார். "ஃபைப்ரோசார்க்கோமா, பாவம், யாரோ" என்றார். தொலைபேசி அடித்தது. எடுத்தார். நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேசி முடித்தார். அடுத்த தட்டை இழுத்தார். கேட்கவில்லை.

நின்றேன். "படிவம்?" என்று திரும்புவார், அப்போது மெதுவாக வாசிக்கலாம், அவருடைய முகம் மாறுவதைப் பார்க்கலாம் என்று நின்றேன். ஆம், அதற்காகத்தான். ஏனென்றால் அதே ஆண்டில் அவரே சொல்லியிருந்தார்: "வேகமாக வளர்வதெல்லாம் கெட்டதில்லை, மிஸ் பிரெனன். கெட்டது பொறுமையாகத்தான் வரும்." எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று வாரம் என்ற வார்த்தைக்கு என்ன எடை என்று தெரிந்துகொண்டேதான் நின்றேன்.

அவர் கேட்கவில்லை. படிவத்தைக் கோப்பில் வைத்தேன். மூன்று வரி அறிக்கை தட்டச்சாகிப் போயிற்று. மறுநாள் ஞாபகம் வந்து கேட்பார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் நினைத்தேன். ஒன்பதாம் நாள் கையை எடுத்துவிட்டார்கள்.

நாற்பத்திரண்டு ஆண்டு ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவரிடம் சொல்லவில்லை. அவரும் அந்தக் கேள்விக்குறியை என்னிடம் சொல்லவில்லை. நல்ல ஜோடி.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மீன். மழை. சிலுவையை முத்தமிடும் வரிசையிலிருந்து பாதியில் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

பள்ளத்தாக்குக்குக் காரில் போனேன். ஆற்றோரம் முழுக்க அறுவடைப் பெட்டிகள். நெவில் ஏணி மேல் நின்று, கொம்பை மோவாயால் பிடித்துக்கொண்டு இடது கையால் பறித்துக்கொண்டிருந்தார். கீழே நின்று டோரீன் திட்டிக்கொண்டிருந்தாள்: "எழுபத்தஞ்சு வயசுல குரங்கு வேஷம். விழுந்தா நான் தூக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

பழைய கட்டியை வைத்துப் புதிய சோதனை செய்ய விரும்புகிறார்கள், முடிவு எப்படியும் வரலாம் என்று சொன்னேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"டாக்டரோட பெட்டியில என் கட்டி இருக்கா! கேட்டியா டோரீன், எனக்கும் ஒரு இடம் கிடைச்சிருக்கு."

டோரீன் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, கடைசி வரி வரை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை. அவளை மதர் இம்மாகுலாட்டாவுக்குப் பிடித்திருக்கும்.

ஏப்ரல் 4, வியாழன்

கட்டையை டாக்டர் கோவே வந்து வாங்கிப் போனார். மூன்று வாரம் என்பதை அவரிடம் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். நினைவு வந்தது என்றேன். இன்னொரு பொய். எண்பது வயதில் நினைவைக் காட்டித் தப்பிக்கலாம். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஏப்ரல் 17, புதன்

இன்று எங்கள் மணநாள். அவருக்குப் பிடித்த இஞ்சிக் கேக் செய்து, ஒரு துண்டு சாப்பிட்டேன்.

அந்தக் கை ஆய்வுக்கூடத்துக்கு வந்த நாள் நினைவில் எழுகிறது. ஈரத் துணியில் சுற்றி வந்தது. உள்ளங்கையில் ஏணி பிடித்த காய்ப்பு, நகக்கண்ணில் மண். கட்டியை முன்பே எடுத்த தழும்பைச் சுற்றி இருபது துண்டு எடுத்து வெட்டிக் கொடுத்தேன். கட்டியின் சுவடுகூட இல்லை. டெஸ்மண்டுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "முதல் வெட்டிலேயே முழுக்க வந்துவிட்டது. பிழைத்துக்கொள்வான்" என்றார். அன்று மாலை எல்லோருக்கும் அவர் செலவில் கேக் வந்தது. நானும் தின்றேன். அவர் முதன்முதலாக என்னை யூனா என்று அழைத்தது அன்றைக்குத்தான்.

அந்த நாளையும் நான் இத்தனை காலம் இனிய நாட்களில் ஒன்றாகத்தான் வைத்திருந்தேன். இனிமையாகத்தான் இருந்தது. அதுதான் வேதனை.

மே 7, செவ்வாய்

சோதனை பலித்துவிட்டது. மரபணு உடைந்திருக்கிறது. நோடுலர் ஃபேசியைட்டிஸ். ஐயமில்லை.

தானே நோயாளியை நேரில் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார் டாக்டர் கோ. நானும் கூட வருகிறேன் என்றேன்.

மே 9, வியாழன்

ட்ரிஃபெட் வீட்டுச் சமையலறை. டாக்டர் கோ நன்றாகச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, வழுக்கவும் இல்லை. நெவில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்போ அன்னைக்கு நான் சாகவே போறதில்லையா?"

"இல்லை."

"கையை விட்டிருந்தா?"

"கட்டியை ஏற்கெனவே எடுத்தாச்சு. அதோட முடிஞ்சிருக்கும்."

கொஞ்ச நேரம் மேசையில் இருந்த ரொட்டித் துணுக்குகளை ஒன்று சேர்த்தார். "ஒவ்வொரு ஜூலையும் நெஞ்சைப் படம் பிடிச்சிட்டு வருவேன். இந்த வருஷம் வந்துடுச்சோ, அடுத்த வருஷமோன்னு."

டோரீன் அடுப்பைப் பார்த்து நின்றபடி சொன்னாள்: "ரெண்டாவது பிள்ளை வேண்டாம்னியே, நெவ். அப்பன் இல்லாம ஒண்ணு வளர்ந்தாப் போதும்னு சொன்னியே."

நெவில் துணுக்குகளை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

பிறகு அவர்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டர் மேல எனக்குக் கோபம் இல்லை, மிஸஸ் கெரிகன். நல்ல மனுஷன். கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொன்னார். அவருக்கு வேற என்ன தெரியும்?"

"உனக்கு இல்லாம இருக்கலாம்" என்றாள் டோரீன். "அம்பது வருஷமா சட்டைக்கை மடிச்சது நான்."

அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு வேறு என்ன தெரியும் என்று அவர் கேட்ட அந்த இடத்தில். நான் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று டோரீன் கேட்டாள். ஊற்றச் சொன்னேன்.

மே 12, ஞாயிறு

அன்னையர் நாள். பெர்னடெட் பூ அனுப்பியிருந்தாள். "பாத்தியா, அவர் எவ்வளவு பெருந்தன்மையா எடுத்துக்கிட்டார். முடிஞ்சுதும்மா."

முடிந்துவிட்டதாம். டெஸ்மண்டின் தலையில்.

மே 13, திங்கள்

அவருடைய படத்துக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டேன்.

மே 18, சனி

தனியாகப் போனேன். பறிப்பு முடிந்து மரங்கள் வெறுமையாக நின்றன. பொதி கட்டும் கொட்டகையில் இருவரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குப்புற வைக்கும் வழக்கம், முந்தின வாரத்து அவமானம், தொலைபேசி, கையில் படிவம், நின்றது, எதற்காக நின்றேன் என்பது. ஒன்றையும் விடவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்திருக்கும். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

நெவில் கேட்டார்: "எத்தனை வரி?"

"ஒரு வரி."

"வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூன்று வினாடி."

"வினாடிக் கணக்குச் சொல்றாங்க பாரு" என்றாள் டோரீன், அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

அவர் எழுந்தார். கதவோரம் நின்று, "அம்பத்து மூணு பெட்டி" என்றார். அவ்வளவுதான். மரங்களுக்கு நடுவே போய்விட்டார்.

காருக்கு டோரீன் கூட வந்தாள். "நீங்க மன்னிப்பே கேட்கலையே" என்றாள்.

கேட்கவில்லை. மறந்து அல்ல. கேட்டால் அவர் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட ஆள். ஒரு கையை வாங்கியாயிற்று. அதையும் கேட்டு வாங்குவதா? இதை அவளிடம் சொன்னேன். காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். கார்க் கதவைச் சாத்திவிட்டு, "மெதுவா ஓட்டுங்க. பாலம் கிட்ட ஈரம்" என்றாள்.

மே 19, ஞாயிறு

பெர்னடெட்டுக்கும் டாக்டர் கோவுக்கும் சொல்லிவிட்டேன். மகள் அழுதாள். டாக்டர் கோ அழவில்லை. தொகுப்பில் அதை எழுதலாமா என்று கேட்டார். என் பெயரோடு எழுதச் சொன்னேன்.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் இளையவர். பழைய கதை என்பதுபோல மூன்று அருள்நிறை மரியே கொடுத்தார். முப்பது சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

ஒன்றுமில்லை. குளிர்காலம், மலையில் பனி. ஆப்பிள் வேகவைத்ததில் கடைசிப் புட்டி.

ஜூன் 15, சனி

டெஸ்மண்டோடு மனதுக்குள் சண்டை போட்டேன். நீங்கள் கேட்டிருக்கலாம் அல்லவா? நீங்கள் அந்தக் கேள்விக்குறியை எனக்குக் காட்டியிருக்கலாம் அல்லவா? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுகளைத் துடைத்துக்கொண்டே எத்தனை கட்டிகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். கொழுப்புக் கட்டி, நரம்புறைக் கட்டி, கிழவிகளின் தோள்பட்டைக்கு அடியில் வளரும் அந்த விசித்திரமான நார்க்கட்டி. உலகத்தில் வேறெந்தத் தம்பதியும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அந்த ஒன்றை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறோம், தரையில் கிடக்கும் பூனையைச் சுற்றிப் போவதுபோல.

மனம் அவரைத் தேடுகிறது. கோபத்தோடும் தேடுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

தபாலில் ஒரு தடித்த உறை. இடது கை எழுத்து, பின்னோக்கிச் சாய்ந்தது.

நெவில் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தன்னுடைய பதிவைத் திருத்தவேண்டும். அந்த ஆண்டுகளில் இதே நோயின் பெயர் சொல்லிக் கை கால் எடுத்த மற்றவர்களின் கட்டைகள் கிடைத்தால் அவற்றையும் சோதிக்கவேண்டும். இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் தெரிவிக்கவேண்டும். இரண்டு பக்கம். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. அனுப்பும் முன் என்னைப் பார்க்கச் சொல்லி மேலே ஒரு துண்டுச் சீட்டு: "தேதி எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க. இதுல உங்களைவிடக் கறாரான ஆள் எனக்குத் தெரியாது. பாத்துட்டு நீங்களே தபால்ல போட்டுடுங்க. நெவில்."

இரண்டாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது: "ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த மிஸ் யூனா பிரெனன் படிவத்தில் இருந்ததை டாக்டருக்கு வாசித்துக் காட்ட மறந்துவிட்டார்."

மூன்று முறை படித்தேன். கொட்டகையில் நான் நின்று சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர் அவர்.

பெர்னடெட்டைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "அவரே அப்படி எழுதியிருக்கார்மா. கொடுக்கறதை வாங்கிக்கோ. ஒரு தடவையாவது வாங்கிக்கோ" என்றாள். அழுகிறாளோ என்று தோன்றியது.

பேனாவில் மை நிரப்பிக்கொண்டு மேசைக்கு வந்தேன். கை எடுத்த தேதி ஒரு நாள் பிந்தியிருந்தது, திருத்தினேன். பிறகு அந்த வாக்கியம். எங்கள் கூடத்தில் பிழையைச் சுரண்டி அழிக்க அனுமதியில்லை. ஒற்றைக் கோடுதான் போடவேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி. மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் முதலெழுத்து இடவேண்டும். "மறந்துவிட்டார்" மேல் கோடு போட்டேன். "தெரிந்தே வாசிக்கவில்லை" என்று எழுதினேன். பக்கத்தில் யூ. பி. என்று இட்டேன். அன்று நான் கெரிகன் இல்லை.

நாலு மணித் தபாலுக்கு முன்பே போட்டுவிட்டேன்.